இறங்காமல் பனி தள்ளும் வித்தை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எதையும் நன்றாக ஓட விடாத ஓர் இனம் உண்டு. வாசகரே, நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொதிக்கிற கேத்திலைக் கழற்றி இன்னும் விரைவாய்க் கொதிக்க வைப்பார்கள். மூடுகிற கதவைக் கழற்றி இன்னும் மெல்ல மூட வைப்பார்கள். கடைசியில் மூன்று திருகாணிகள் மிச்சம் வரும், அவை முதலிலேயே தேவையில்லாதவை என்று விளக்கமும் வரும். இவர்களைத் திருத்துநர் என்று அழைப்போம். வேரோனிக்கா தன் வீட்டுத் திருத்துநருக்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.

அவளுடைய கணவர் ஜூலியஸ், கனடாவில், ஒஷாவாத் தொழிற்சாலையில் கார்ப் பாகங்கள் செய்து ஓய்வு பெற்றவர். மில்லிக்கனில் வீட்டுக்கு முன்னால் நாலு கார் நிற்கிற டிரைவ்வேக்கு ஒரு சின்ன டிராக்டரும் அதில் பூட்டும் ஸ்னோபுளோவரும் வாங்கினார். தேவையா? அப்படிக் கேட்பவருக்குத் திருத்துநரைத் தெரியாது. மெஷின் பனியை அள்ளி ஒரு குழலால் வீசும். குழலின் வாயில் ஒரு தகடு: தாழ்த்தினால் பனி கிட்ட விழும், நிமிர்த்தினால் தூரப் போகும். அதற்கு இறங்கிப் போய்க் கையால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். மூன்று குளிர்காலம் தட்டினார். நாலாவதில் அது அவமானமாகப் பட்டது. இருந்த இடத்திலிருந்தே லீவரால் அசைக்க ஒரு ஹைட்ரோலிக் சிலிண்டரும் அதற்கு எண்ணெய் போய்வர இரண்டு ஹோஸும் வாங்கினார்.

நாள் பார்ப்பதில் இந்த இனத்துக்குத் தனிக் கைராசி. வேரோனிக்கா முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பதினான்கு மாதம் காத்திருந்து கிடைத்த காலை அது. ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும்; தவறினால் மறுபடி வரிசையின் வால். வெளியே முழங்காலளவு பனி; தள்ளாமல் கார் வீதிக்கு இறங்காது. ஏழு மணிக்கு அவர் கராஜில் டிராக்டருக்குக் கீழே கிடந்தார்.

"இஞ்சாருங்கோ, பழையபடி கையால தட்டிப்போட்டு ஓடுங்கோவன்."

"பொறும். ரெண்டு ஹோஸ்தான் மிச்சம். அஞ்சு நிமிசம்."

அந்த ஐந்து நிமிடம் எட்டேகாலுக்கு முடிந்தது. டிராக்டர் உறுமிக்கொண்டு இறங்கியது. எதிர்வீட்டுச் சண்முகலிங்கம் அப்போதுதான் தன் வாசலை ஷவலால் வழித்துத் துடைத்துவிட்டு, வீதியில் காரைச் சூடேற்றிக்கொண்டு நின்றார். ஜூலியஸ் தகட்டைத் தாழ்த்த லீவரைத் தள்ளினார். ஹோஸ் இரண்டும் இடம்மாறிப் பூட்டியிருந்தன. தகடு நிமிர்ந்தது. இன்னும் தள்ளினார். இன்னும் நிமிர்ந்தது. பனி வீதியைத் தாண்டிப் பறந்தது.

"ஜூலியஸ் அண்ணை, உது என்ர வாசல்."

"தெரியும். இப்ப திருத்திறன்."

"திருத்தாதேங்கோ அண்ணை. கும்பிட்டுக் கேக்கிறன்."

ஜூலியஸ் எஞ்சினை நிறுத்தி ஸ்பானரோடு இறங்கினார். டிரைவ்வேயில் ஒரே ஒரு கோடு வழித்திருந்தது.

"லீவர் மாறி வேலை செய்தால் நீங்களும் மாறித் தள்ளுங்கோவன்," என்றாள் வேரோனிக்கா.

"அது முறையில்லை."

பதினான்கு மாதத்தை முறைக்குப் பலிகொடுக்க அவள் தயாரில்லை. பையை எடுத்தாள், பொல்லை ஊன்றினாள், அந்த ஒற்றைக் கோட்டால் வீதிக்கு நடந்தாள்.

"தம்பி, கார் சூடாத்தானே இருக்கு?"

"ஏறுங்கோ அக்கா. இஞ்ச நிண்டால் இன்னும் கொட்டுவார்."

ஒன்பதுக்கு மூன்று நிமிடம் இருக்கப் போய்ச் சேர்ந்தார்கள். முழங்கால் மாறியது. அடுத்த நாள் பார்க்க வந்த ஜூலியஸ் எப்படி இருக்கிறீர் என்று கேட்டார், உண்மையாகவே கேட்டார். பிறகு குனிந்து, அவள் பிடித்து நடக்கக் கொடுத்திருந்த வோக்கரின் சில்லைச் சுற்றிப் பார்த்தார்.

"தொட்டீங்களோ," என்றாள், "மற்ற முழங்காலுக்கும் அந்தத் தம்பியோடதான் வருவன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. ஆனால் வாசித்துக்கொண்டு வரும்போது, இந்த வசனத்தில் ஒரு சொல்லை மாற்றினால் இன்னும் நன்றாயிருக்குமே என்று எங்காவது கை துறுதுறுத்ததா? பேனையைக் கீழே வையுங்கள். முதலில் வாசலில் பனியைத் தள்ளுங்கள். வீட்டில் யாரோ வெளியே போகக் காத்திருக்கிறார்கள்.