இருபத்தைந்து வளையம்

இருபது தோட்டாவுக்கு மேல் வைக்கிற எதுவும் கிடங்கே என்று மேலிடம் எடுத்த முடிவு, சியரா மொரேனா மலைச் சரிவில் இருக்கும் நவசார்சா ஊருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் மேற்பார்வையாளர் தோன் கசிமிரோ. கொண்டுவந்து இறக்கிய இடம் ஒப்துலியாவின் தோல் பட்டறை.

அப்போது ஒப்துலியா ஒரு தோட்டா பெல்ட்டை முடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பைச் சுற்றி வரும் அகலமான மாட்டுத்தோல் பட்டை, அதன் மேல் தோட்டா செருக இருபத்தைந்து வளையம். கடையில் வாங்கும் பெட்டியில் இருபத்தைந்து தோட்டா இருக்கும், ஆகவே வளையமும் இருபத்தைந்து. தோலை நனைத்து, தோட்டா பருமனுக்குக் கடைந்த மரக்கட்டையின் மேல் ஒவ்வொரு வளையமாக இழுத்து அழுத்தி, காய்ந்த பிறகு மெழுகு நூலில் இரண்டு ஊசி கோத்துத் தைப்பாள். வளையம் தளர்ந்தால் ஓடும்போது தோட்டா புதரில் விழும். இறுகினால் காட்டுப்பன்றி எதிரே நிற்கும்போது வெளியே வராது. இது இரண்டுக்கும் நடுவில்தான் அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

தோன் கசிமிரோ வளையங்களை எண்ணினார். சந்தேகம் தீர இன்னொரு தடவை எண்ணினார்.

"இருபதுக்கு மேல தோட்டா வைக்கிற இடம் வெடிபொருள் கிடங்கும்மா. விதி ஏழு."

"இது பெல்ட்டுங்க."

"இடுப்புல கட்டிக்கிற கிடங்கு. கதவு எங்க?"

ஒப்துலியா பெல்ட்டின் கொக்கியைக் காட்டினாள். அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

"'புகை பிடிக்காதே' பலகை?"

"எங்கங்க மாட்டுறது?"

"வாசலுக்கு மேல. அப்புறம், கிடங்குக்கும் மனுஷன் குடியிருக்கிற இடத்துக்கும் நடுவுல அம்பது மீட்டர் விடணும்."

"இடுப்புக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல அம்பது மீட்டரா? அவ்வளவு பெரிய வயிறு இந்த ஊர்ல சிப்ரியானோவுக்குக்கூட இல்லீங்களே!"

தோன் கசிமிரோ சிரிக்கவில்லை. அவருடைய பதவிக்குச் சிரிப்பு ஒதுக்கப்படவில்லை.

"சரிங்க, அஞ்சு வளையத்தை அறுத்துடறேன். இருபதா ஆயிடும்."

"ஐயையோ! கிடங்கோட ஒரு பகுதியை இடிக்கிறதா? இடிக்கிறதுக்குத் தனி அனுமதி வாங்கணும்மா."

இறுதியில் அவர் ஒரு வழி சொன்னார். தகுதியுள்ள குழு ஒன்று கூடி, இரு தரப்பையும் கேட்டு, சோதனை செய்து, அறிக்கை எழுதினால் பெல்ட்டுக்கு விலக்கு உண்டு. சனிக்கிழமைக்குள் அறிக்கை வராவிட்டால் பட்டறைக்குச் சீல்.

"குழு எங்கங்க இருக்கு?"

"இன்னும் அமைக்கலை. ஆனா குழு இல்லைங்கிறதை ஒரு சாக்கா ஏத்துக்க முடியாது."

அவர் போன பிறகு ஒப்துலியா ஊசியை எடுத்தாள். இருபத்தாறு வருஷமாகப் பட்டறைக் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் அவள்தான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி, அரசாங்கத்தையும் அதன் பாட்டனையும் வாய் வலிக்கத் திட்டினாள். சாராயக்கடை சிப்ரியானோ எதிர்வாசலில் நின்று, அவள் விட்ட இடங்களில் எடுத்துக்கொடுத்தான்.

"சீல் வைக்கிறவன் வைக்கட்டும். சனிக்கிழமை வேட்டைக்கு அந்த பெல்ட்டை நான்தான் கட்டிக்குவேன். பெல்ட்டுப் பொண்ணு ஒரு தடவையாவது காட்டைப் பாத்துட்டு வரட்டும்" என்றான்.

சனிக்கிழமை வேட்டை முடிந்து, ஆறு பன்றிகளை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். நவசார்சாவில் தன் வாழ்நாளின் முதல் பன்றியை அடித்தவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். மாப்பிள்ளையைக் கயிற்றால் கட்டி, விசாரணை நடத்தி, தவறாமல் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி, பன்றிக்குடலைத் தலையில் கொட்டுவார்கள். பதினெட்டு வருஷமாக சிப்ரியானோதான் நீதிபதி. அங்கி, அவன் கடைச் சன்னலின் பழைய சிவப்புத் திரை. கசாப்புக்காரன் பிளாசிதோ குற்றம் சாட்டுவான். மாப்பிள்ளைக்காக வாதாடுகிறவன் அவனைவிட மோசமாகத் திட்டுவான்.

அன்று பார்த்து மாப்பிள்ளையே இல்லை. ஆறையும் பழைய ஆட்களே அடித்திருந்தார்கள். குடல் ஒரு வாளி நிறைய வீணாகக் கிடந்தது.

"ஏன், இது இன்னிக்குத்தானே முதல் தடவையா வேட்டைக்கு வந்துச்சு?" என்று சிப்ரியானோ இடுப்பிலிருந்து பெல்ட்டைக் கழற்றினான். "கட்டுங்கடா கயித்துல!"

சீல் வைக்க வந்து, பட்டறை பூட்டியிருப்பது கண்டு, ஆளைத் தேடிக் காட்டுக்கே வந்த தோன் கசிமிரோ கண்டது இதைத்தான்: ஓக் மரத்தடியில் அங்கி அணிந்த நீதிபதி, கயிற்றில் கட்டுண்ட பெல்ட், இருபுறமும் வழக்கறிஞர்கள், கை கட்டி நிற்கும் பொதுமக்கள். அவர் தலைநகரத்துக்காரர். மாப்பிள்ளை வழக்கம் அவருக்குத் தெரியாது. தொப்பியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"இருபத்தஞ்சு தோட்டாவை மடியில வச்சிருந்தும், எங்க நீதிபதி இன்னிக்கு ஒரு முயலைக்கூட அடிக்கலை!" என்றான் பிளாசிதோ. "இது பெல்ட்டோட குத்தமா, வயித்தோட குத்தமா?"

"பெல்ட்டோட குத்தந்தான்!" என்று அலறினான் எதிர்த்தரப்பு வழக்கறிஞன். "என் கட்சிக்காரியைத் தூக்குல போடுங்க!"

ஒப்துலியா மட்டும் மேற்பார்வையாளரைப் பார்த்தாள். சிரிப்பையும் மூச்சையும் சேர்த்து அடக்கிக்கொண்டாள்.

தீர்ப்பு வந்தது, வாளி கவிழ்ந்தது. தோன் கசிமிரோ அருகே போய்க் குனிந்து வளையங்களை இழுத்துப் பார்த்தார். தையல் ஒன்றும் விடவில்லை. "ஈரப்பதச் சோதனை: தேர்ச்சி" என்று எழுதி, முத்திரை குத்தி, சிப்ரியானோவிடம் கையெழுத்து வாங்கினார்.

"என் உத்தியோகத்துல ரெண்டு தரப்பையும் கேட்டு நடந்த விசாரணையை இப்பத்தான் முதல் தடவையாப் பாக்கறேன்" என்றார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பட்டறை தப்பியது. ஊர் ஒரு வாரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

எட்டாம் நாள் தலைநகரத்திலிருந்து ஆணை வந்தது. நவசார்சா குழுவின் நேர்த்தியான செயல்பாட்டை மேலிடம் மகிழ்ச்சியுடன் குறித்துக்கொள்வதாகவும், இனி எந்தத் தோட்டா பெல்ட்டும், பழையது புதியது எதுவாயினும், அக்குழுவின் விசாரணையும் குடல் சோதனையும் இன்றி இடுப்பில் ஏறலாகாது எனவும், சிப்ரியானோ தலைவராகவும் பிளாசிதோ உறுப்பினராகவும் நியமிக்கப்படுவதாகவும், முன்னர் சோதித்த பெல்ட்டை மாதிரியாக அனுப்பிவைக்குமாறும் அதில் கண்டிருந்தது. கூடவே நாற்காலி இரண்டும் ஒரு பெயர்ப்பலகையும் வந்தன.

அடுத்த பெல்ட்டோடு ஒப்துலியா சாராயக்கடைக்குப் போனாள். சிவப்புத் திரை அங்கிக்கு இஸ்திரி போடப்பட்டிருந்தது.

"சிப்ரியானோ, வாளியை எடு. சீக்கிரம் முடிச்சுடலாம்."

"தலைவரேன்னு சொல்லுங்கம்மா. மனு எங்க?"

"என்ன, அம்மாவா? டேய், உனக்கு என்ன ஆச்சு?"

"மனு குடுங்க. புது பன்றிக்குடலும் நீங்கதான் கொண்டுவரணும்."

"குடலுக்குப் பன்றி அடிக்கணும். அடிக்கப் போறவனுக்கு பெல்ட்டு வேணும்."

"வேணும்தான்."

"பெல்ட்டுக்கு உன் கையெழுத்து வேணும். கையெழுத்துக்குக் குடல் வேணும்."

"எவ்வளவு கச்சிதமா இருக்கு பாத்தீங்களா?" என்றார் தலைவர். "ஒரு ஓட்டை கிடையாது. விசாரணை முடியிற வரைக்கும் உங்க பட்டறைக்குச் சீல் வைக்கணும். ஆனா அதுக்குத்தான் ஆள் இல்லை. கை சுத்தமா, ஓரம் நேரா ஒட்டத் தெரிஞ்சவங்க வேணும்."

ஒப்துலியா பெயர்ப்பலகையைப் பார்த்தாள், அந்த வேலையை ஒப்புக்கொண்டாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

திங்கட்கிழமை அவள் தன் கதவுக்குத் தானே சீல் வைத்தாள். நூல் பிடித்ததுபோல ஓரம் நேராக இருந்தது. தெருவே வந்து பாராட்டியது. அவளுக்கு அழுகை வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது. அந்தப் பெருமையை நினைத்துத்தான் அதிகம் வெட்கப்பட்டாள். அவளுக்கும் ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

மாசிமாதக் கடைசிக்குள் பன்றிகள் தோட்டங்களை முடித்துவிட்டு ஊருக்குள் வரத் தொடங்கின. சிப்ரியானோவின் கொல்லையில் ஒரு கிழங்கு மிச்சமில்லை. அவன் அங்கியைக் கழற்றிக் கையில் மடித்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வந்து அவள் நாற்காலிக்கு அருகே குனிந்தான்.

"ஏ ஒப்துலியா, நம்ம பழக்கத்துக்கு எனக்கு மட்டும் யாருக்கும் தெரியாம ஒரு பெல்ட்டு தச்சுக்குடேன். இருபது வளையம் போதும்."

ஒப்துலியா அவன் பக்கம் திரும்பாமல் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்.

"மனு எழுதிக்கிட்டு வியாழக்கிழமை வாங்க" என்றாள்.