தலைவருக்கு வார்த்த பிளா

நான் குடிகாரனாக இருந்தவன். இதை ஒளிக்க எனக்கு அவசியமில்லை. ஒளித்தாலும் ஒட்டுசுட்டானில் நம்புவதற்கு ஆளில்லை. ஆனால் "மதுவிலக்குச் சபைத் தலைவருக்கே கள்ளு வார்த்தவன்" என்று என்னைப் பற்றி ஒரு கதை உலாவுகிறதே, அதை மட்டும் வன்மையாக மறுக்கிறேன். (மறுக்க முடியாது. நடந்தது உண்மை.)

அறுபதுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்கு வந்து, குளத்தை நம்பி வயல் செய்துகொண்டிருந்தோம். யானை மிதித்தது போக மிஞ்சிய விளைச்சலை நான் குடித்தேன். ஒரு வியாழக்கிழமை என் மனைவி பூமணி றங்குப்பெட்டியை இறக்கி, தன் சேலைகளையும் மகளின் சட்டைகளையும் அடுக்கத் தொடங்கினாள்.

"சனிக்கிழமை விடியப் பஸ்ஸில நானும் பிள்ளையும் அம்மா வீட்ட போறம்."

"ஏனப்பா?"

"ஏனெண்டு உங்கட வாயை நீங்களே மணந்து பாருங்கோ. அங்கால தண்ணீரூற்று ஊரில குடியை விட்ட ஆக்களின்ர சபை ஒண்டு இருக்காம். நாளைக்குப் போய்ப் பேரெழுதிப்போட்டு வந்தால் பெட்டியைத் திருப்பி ஏத்துறன்."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தேநீர்க் கடைக் காசிம் நானாவிடம் விசாரித்தேன். "வெள்ளிக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில கூடுறாங்க" என்றார். போகத் துணிந்தேன். ஆனால் வெறுங்கையோடு ஓரிடத்துக்குப் போவது எங்கள் வழக்கமில்லையே! கருப்பநீர் கொண்டுபோக முடிவு செய்தேன். பனம்பாளையில் கட்டும் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இறங்குவது இனிப்பான கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. என்னைக் கெடுத்த அதே பனையைக் கொண்டு நான் திருந்தியதைக் காட்டுவதாக எண்ணம். எனக்கு வழக்கமாகக் கள்ளுத் தரும் கந்தையனிடம் சொல்லிவைத்தேன். அவன் விழுந்து விழுந்து சிரித்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

முட்டியைத் திறந்து பார்த்தால் பழக்கதோஷத்தில் கை வாய்க்குப் போய்விடும் என்று, அதன் வாயைச் சீலையால் இறுக்கிக் கட்டியே வாங்கினேன். கொண்டக்டர் அதை பஸ் கூரையில் ஏற்றினார்.

சபையில் ஏழு பேர். தலைவர் தம்பையா வாத்தியார் பிறந்ததிலிருந்து ஒரு சொட்டும் தொடாதவர். அன்று வெள்ளி விரதம் வேறு. (வெறும் வயிறு. இது முக்கியம்.) நான் பதிவுப் புத்தகத்தில் குனிந்து பேரெழுத, அவரே முட்டியை அவிழ்த்து, முட்டியோடு நான் கொண்டுபோன பிளாவில், அதுதான் பனையோலைக் குவளையில், வார்த்து ஒரே மூச்சில் குடித்தார்.

"நல்ல சாமான்! கொஞ்சம் புளிக்குது, அதுவும் ஒரு ருசிதான்" என்று இரண்டாவதையும் முடித்தார்.

மூன்றாவது பிளா என் பக்கத்திலிருந்த செல்லத்துரை அண்ணைக்கு வந்தது. அவர் குடியை விட்டு எட்டு மாதம். பிளா என் மூக்கைத் தாண்டியபோதே பேனை நின்றுவிட்டது. அண்ணைக்கும் மணம் பிடிபட்டுவிட்டது. அவர் அதை வாய்க்குக் கொண்டுபோகவுமில்லை, கீழே வைக்கவுமில்லை. நான் ஓங்கித் தட்டிவிட்டேன். முழுவதும் என் சட்டையில் கொட்டியது.

"குடியாதையுங்கோ அண்ணை! இது கள்ளு!"

"கள்ளோ?" என்றார் தலைவர். "அப்ப நான் குடிச்சது?"

(மறுநாள் கந்தையன் சொன்ன சமாதானம்: "உங்களுக்கெதுக்கண்ணை சுண்ணாம்பு? பகிடி விடுறியளெண்டு நினைச்சன்.")

"கள்ளோட சபைக்கு வந்தவனை வெளியில போடுங்கோ!" என்று ஒருவர் எழும்பினார். தலைவர் ஆமோதிக்க எழும்பி, மறுபடி கதிரையில் இருந்து, காரணமில்லாமல் புன்னகைத்தார்.

எனக்கு வெட்கத்தை விடக் கோபம்தான் வந்தது. "போகமாட்டன்!" என்று கத்தினேன். "குடியாத மனிசனுக்கு இது கள்ளெண்டு தெரியேல்ல. எனக்குத் தெரிஞ்சுது. குடிகாரனைச் சேர்க்காமல் ஆருக்கு இந்தச் சபை? கோயில் ஐயருக்கோ?"

செல்லத்துரை அண்ணை பாதியில் நின்ற என் பேரைப் பார்த்தார். பேனையை எடுத்து என் கையில் வைத்து, "எழுதி முடி" என்றார். எழுதி முடித்தேன்.

பொழுதுபட வீட்டுக்கு வந்தேன். படலையடியிலேயே பூமணிக்குக் கள்ளு மணம் எட்டிவிட்டது. திரும்பிப் பெட்டியைப் பூட்டப் போனாள்.

"நில்லு! சட்டையை மணக்காதை, வாயை மண!" என்று அவள் முகத்துக்கு நேரே ஊதினேன்.

மணந்தாள். நம்பாமல், "இன்னொருக்கா ஊதுங்கோ" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். பெட்டி மேலே ஏறியது.

பிறகு இரண்டு தடவை வழுக்கினேன். இரண்டு தடவையும் ஊதவைத்தே பிடித்தாள். இரண்டு தடவையும் அடுத்த வெள்ளிக்கிழமை வாசிகசாலையில் போய்க் குந்தினேன். யாரும் என்னை எழுப்ப முடியவில்லை. இன்று வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்த் திருநீறும் பூசி வந்தாலும், பேரப்பிள்ளைகள் படலையை மறித்துக்கொண்டு, "அம்மப்பா, ஊதுங்கோ!" என்கிறார்கள். உள்ளேயிருந்து பூமணி, "இன்னொருக்கா!" என்கிறாள்.

ஊதுகிறேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் ஊதுகிறேன்.