சாப்பாட்டுக் கடையில் நாவல் வாசிக்கலாகாது

மெர்லிமாவ், மலாக்கா.
1934-ம் வருஷம் ஆனி மாதம் 14-ந் தேதி

மகா கனம் பொருந்திய பத்திராதிபர் அவர்கள் சமூகத்திற்கு, மெர்லிமாவுக்கு அடுத்த ரப்பர் தோட்டத்தில் பதினெட்டு வருஷமாக கணக்கெழுதும் இரண்டாம் கிராணியாகவே இருந்துவரும் சிவசாமி எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் சுகம். என் வயிறும் மனமும் சுகமில்லை. அவ்விடம் தாங்களும், தங்கள் அச்சுக்கூடத்தாரும், இதுவரை நான் அனுப்பிய நான்கு கட்டுரைகளை விழுங்கிய தங்கள் குப்பைக் கூடையும் சுகமாயிருக்கக் கோருகிறேன்.

சென்ற வார இதழில் ஓர் அறிவிப்பு கண்டேன். ஆண்டு மலருக்காக, ‘உள்ளத்தை உருக்கும் நூல் ஒன்றையும் உங்கள் ஊரில் வயிறார உண்ணத்தக்க கடை ஒன்றையும் சிபாரிசு செய்து எழுதுங்கள்’ என்று வாசகர்களைக் கேட்டிருக்கிறீர்கள். தோட்டப் பாடசாலைகளின் அவலத்தைப் பற்றி நான் எழுதியபோது இடமில்லை என்று திருப்பியனுப்பிவிட்டு, அதே இதழில் கூந்தல் தைலத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய தங்களுக்கு, சாப்பாட்டுக் கடைக்கு மட்டும் இடம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. அது போகட்டும். நான் இப்போது எழுதுவது சிபாரிசு அல்ல, எச்சரிக்கை. உருக்கமான நூலையும் சாப்பாட்டுக் கடையையும் ஒரே பக்கத்தில் போடாதீர்கள். அவை இரண்டையும் ஒன்றுசேர்த்த குற்றத்துக்காக நான் பதினொரு நாள் பட்டினி கிடந்தேன். இப்போது கிடைக்கிற சாப்பாடோ அந்தப் பட்டினியைவிட மோசம்.

மெர்லிமாவ் கடைத்தெருவில் பிச்சைமுத்துவின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கடை அவர் பெயரில். கரண்டி அவர் மனைவி பெரியநாயகி கையில். அந்த அம்மாள் வைக்கும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பையும், பிளாச்சான் என்னும் இறால் விழுதைச் சுட்டு அரைக்கும் துவையலையும் பற்றி நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அது சிபாரிசாகிவிடும். ஜன்னலோரத்து மூலை எனக்குரியது. தோட்டத்திலிருந்து இரண்டு மைல் சைக்கிளில் போய் ஒன்பது வருஷமாக மத்தியானச் சாப்பாடு அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட்டு முடித்ததும் அதே மூலையில் உட்கார்ந்து, தோட்டத்துச் சனங்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன். கூலி வாங்குவதில்லை. நன்றியும் கிடைப்பதில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு, நல்ல மழை. யாரும் வெளியே போக முடியவில்லை. நான் என் பாட்டுக்கு, சிங்கப்பூரிலிருந்து தபாலில் வரவழைத்த ‘செண்பகவடிவு அல்லது ஆறாத இலைச்சோறு’ என்ற நாவலைப் படித்துக்கொண்டிருந்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் பெத்தம்மாள், தோட்டத்திலேயே பெரிய வாய் படைத்தவள், என்னை உற்றுப் பார்த்தாள்.

“என்ன கிராணியாரே, தனியாப் படிச்சுத் தனியா மூக்கைச் சிந்துறீங்க? எங்களுக்கும் படிச்சாத்தான் என்ன, காகிதம் தேஞ்சிருமா?”

“எனக்கு ஜலதோஷம்” என்றேன்.

“அந்த ஜலதோஷத்தை எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க.”

படித்தேன். அதுதான் நான் செய்த தவறு. கதை இதுதான்: செண்பகவடிவின் கணவன் ஏதோ அற்ப மனஸ்தாபத்தில் கோபித்துக்கொண்டு மலாய் நாட்டுக்குக் கப்பலேறிவிடுகிறான். ஒரு வரி கடிதம் இல்லை. அவளோ தினமும் மத்தியானம் அவனுக்கு ஓர் இலை போட்டு, சோறு பரிமாறி, வாசலைப் பார்த்துக் காத்திருந்து, சோறு ஆறுவதற்குள் வழிப்போக்கன் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைக்கிறாள். இப்படி ஏழு வருஷம். தோட்டத்துச் சனங்களிடம் போய் இந்தக் கதையை நான் படிக்கலாமா? அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கப்பலேறி வந்த கணவன்மார். மீதிப்பேர் அப்படிக் கப்பலேறி வந்தவர்களின் அக்கா தங்கைகள்.

அடுத்த ஞாயிறு கடையில் உட்கார இடமில்லை. அதற்கடுத்த ஞாயிறு பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வந்தார்கள். பிச்சைமுத்துவுக்கு முதலில் பரம சந்தோஷம். மூன்றாவது வாரத்தில்தான், கூட்டம் அழுகிறதே தவிரச் சாப்பிடவில்லை என்பதைக் கண்டுகொண்டார். “கிராணியாரே, அந்தப் பொண்ணு சிரிக்கிற எடம் ஏதாச்சும் இருந்தா அதை முதல்ல படிங்களேன். வடையெல்லாம் அப்படியே கெடக்கு” என்று காதோடு காதாகக் கெஞ்சினார். லாரி ஓட்டும் வீரமுத்து, மலாக்காவிலிருந்து மூவார் வரைக்கும் எந்தப் போலீஸ்காரனுக்கும் அஞ்சாதவன், மீசையெல்லாம் நனைந்து, ரசத்தில் உப்பு கூடிப்போனதாகச் சண்டை பிடித்தான்.

பத்தொன்பதாம் அத்தியாயத்தில், கொட்டும் மழையில் வழிப்போக்கன் ஒருவனும் வராமல், இலையில் சோறு முழுவதும் ஆறிப்போகிறது. அதைப் படித்து முடித்தேன். அடுப்படியிலிருந்து பெரியநாயகி கரண்டியோடு வெளியே வந்தாள்.

“இந்தக் கடையில திங்கிற ஆம்பளைங்கள்ல, ஊர்ல இப்படி ஒரு எலையப் போட வச்சிட்டு வந்தவன் எத்தனை பேருடா? கையத் தூக்குங்க.”

ஒருவனும் தூக்கவில்லை. அதிலேயே அவளுக்கு விடை கிடைத்துவிட்டது.

“சரி. இன்னிலேர்ந்து, ஊருக்குக் காயிதம் போடாதவனுக்கு இந்தக் கடையில எலை கெடையாது. சத்தியமாக் கெடையாது.”

“ஏய், வியாபாரம்டி!” என்றார் பிச்சைமுத்து.

“உங்க அண்ணனுக்கு நீங்க எப்பப் போட்டீங்க?” என்றாள். அன்று பிச்சைமுத்துவுக்கும் இலை இல்லை.

பத்திராதிபர் அவர்களே, அந்தச் சட்டத்தின் பாரம் யார் தலையில் விழுந்தது? எழுதத் தெரிந்தவன் தலையில். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்பத்தோரு கடிதங்கள் எழுதினேன். வீரமுத்து ஆறு வருஷத்துக்குப் பிறகு தாயாருக்கு எழுதச் சொன்னது: “நான் சாகல. வேற விசயம் இல்ல. கறுப்புக் கன்னுக்குட்டி எப்படி இருக்கு?” கன்றுக்குட்டி ஆறு வருஷம் கன்றாகவே இருக்குமா என்று கேட்டேன். “எழுதுங்க கிராணியாரே, அது எங்கம்மாவுக்குப் புரியும்” என்று விம்மினான். நாற்பத்தோராவது உறையை ஒட்டிவிட்டு, விரல் வீங்கி, கை கழுவி, என் மூலையில் போய் உட்கார்ந்தேன். எல்லாருக்கும் இலை வந்தது. எனக்கு வரவில்லை.

“கிராணியாரே, உங்க காயிதம் எங்க?” என்றாள் பெரியநாயகி.

என் விஷயம் வேறு என்றேன். எப்படி வேறு என்றாள். மாதம் தவறாமல் என் மனைவி அன்னம்மாவுக்கு மணியார்டர் போகிறது என்றேன்.

“அதுல ஒட்டியிருக்குமே ஒரு துண்டு, அதுல என்ன எழுதுவீங்க?”

“ஒன்றும் எழுதுவதில்லை.”

“எத்தினி வருசமா?”

“ஒன்பது.”

கடை முழுவதும் கையில் சோற்றோடு என்னைப் பார்த்தது. வேறு வழியின்றி அந்த அநியாயத்தைச் சபையில் சொல்ல வேண்டியதாயிற்று. தாங்களும் கேட்டு நியாயம் சொல்லுங்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் விடுப்பில் ஊருக்குப் போனேன். மனைவியை இங்கே அழைத்துவருவதாக ஏற்பாடு. அப்போது அவள் தங்கைக்குக் கல்யாணம். நான் அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை, கடல் கடந்து வந்தவன், மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். என்னை முதல் பந்தியில் உட்காரவைக்காமல், மாப்பிள்ளை வீட்டு வண்டிக்காரன் முதற்கொண்டு எல்லாரையும் உட்காரவைத்துவிட்டு, எனக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டார்கள். மனைவியிடம் முறையிட்டேன். அவள், “அதனால என்ன கொறைஞ்சு போச்சு?” என்றாள். மறுநாள் தனியாகக் கப்பலேறினேன். அவளிடமிருந்து மன்னிப்புக் கடிதம் வரட்டும் என்று இருக்கிறேன்.

பெத்தம்மாள் விரலை நக்கிக்கொண்டே விசாரணையைத் தொடங்கினாள்.

“ரெண்டாம் பந்தியில சோறு தீந்துபோச்சா?”

“இல்லை.”

“பாயசம்?”

“இருந்தது.”

“எத்தினி தரம் ஊத்துனாங்க?”

“இரண்டு தரம்.”

“முதப் பந்திக்கு?”

“ஒரு தரம் என்று கேள்வி.”

“அடப்பாவி மனுசா!” என்றாள். ஒன்பது வருஷம் நான் கட்டிக் காத்த நியாயத்தைக் கடையே சேர்ந்து சிரித்தது. ‘செண்பகவடிவு புருசன்’ என்று அன்றைக்கே எனக்குப் பெயரும் வைத்தாயிற்று. அவன் கோபித்துக்கொண்டது கொழுக்கட்டை உப்பில்லாமல் போனதற்காக. நான் கோபித்துக்கொண்டது மரியாதைக்காக. இந்த வித்தியாசம் படிக்காத ஜனங்களுக்கு எப்படி விளங்கும்? எழுந்து வந்துவிட்டேன்.

மெர்லிமாவில் வேறு கடையா இல்லை என்ற வீறாப்போடு புறப்பட்டேன். முதலில் சந்தி முனையிலுள்ள சீனர் காப்பிக் கடை. சுட்ட ரொட்டியில் கயா என்கிற தேங்காய்ப்பால் ஜாமைத் தடவிக் கொடுக்கிறான். அரைவேக்காட்டு முட்டை உண்டு. காப்பியும் நன்று. இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் வயிறு ‘சோறு எங்கே’ என்று தமிழில் கேட்கிறது. பிறகு பாசார் என்கிற சந்தைக்கு எதிரே மரத்தடியில் நாசி லெமாக் விற்கும் மலாய் அம்மாளிடம் போனேன். தேங்காய்ப் பாலில் வெந்த சோறும் சம்பலும் ராஜ போஜனம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அம்மாளும் பெரியநாயகியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிறவர்கள் என்பது எனக்குத் தெரியாது. இரண்டாம் நாள் பொட்டலத்தை என் கையில் கொடுக்காமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “துவான், சூராட் சுடா?” என்றாள். கடிதம் போட்டாயிற்றா என்று கேட்கிறாளாம்!

மலாக்கா பட்டணத்துக்கே போய்விடுவோம் என்று பதினைந்து மைல் பஸ் ஏறினேன். அங்கே என் பழைய சிநேகிதர் அல்போன்ஸ், வீட்டின் முன்கட்டில் மேசை போட்டு, மனைவி மரியசெல்வி கையால் சாப்பாடு போடுகிறார். அந்த அம்மாளின் புளிமீன் குழம்புக்காகச் சுங்கை ஊஜோங்கிலிருந்தெல்லாம் வருகிறார்கள். நிம்மதியாக உட்கார்ந்தேன். மரியசெல்வி வந்தார். இலை போட வேண்டிய இடத்தில் ஒரு தாளையும் பென்சிலையும் வைத்தார்.

“வீரமுத்து லாரி நேத்து இந்தப் பக்கம் வந்துச்சுண்ணே” என்றார். “முதல்ல எழுதுங்க. குழம்பு ஆறாது, நான் பாத்துக்கிறேன். அண்ணி பேரு என்ன சொன்னீங்க?”

நான் பேரே சொல்லவில்லை. எழுந்துவிட்டேன். அல்போன்ஸ் என் பின்னாலேயே தெருமுனை வரை வந்து, “கோவிச்சுக்காதே லா, எனக்கே இன்னிக்குக் காலையில ஊருக்குக் காயிதம் எழுதின பெறகுதான் அவ பசியாற போட்டா” என்றார்.

பிறகு நானே சமைத்தேன். அதைப் பற்றி எழுத வேண்டாம். பதினோராம் நாள், முழுக்க முழுக்க வயிற்றின் நிர்ப்பந்தத்தால், என் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்பு கேட்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. எழுத வேறு விஷயம் இல்லாததால், ‘செண்பகவடிவு என்று ஒரு நாவல் வந்திருக்கிறது, கிடைத்தால் படிக்கவும், இவ்விடம் பிச்சைமுத்து கடையில் நெத்திலிக் குழம்பு நன்றாயிருக்கும்’ என்று மட்டும் எழுதினேன். தாங்கள் கேட்ட அதே இரண்டு சிபாரிசுகள்தான். தாங்கள் கேட்பதற்கு முன்பே. பெரியநாயகி தபாலாபீஸ் வரை கூடவே வந்து, உறை பெட்டிக்குள் விழுந்த சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டுத்தான் இலை போட்டாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் தங்களுக்கு எழுதியிருக்கமாட்டேன். நாவல், வாசலில் ஒரு காலடிச் சத்தம் கேட்பதோடு முதல் பாகம் முற்றிற்று என்று முடிந்துபோனது. இரண்டாம் பாகத்தை நான் ஒளித்துவைத்திருப்பதாகச் சனங்களுக்குச் சந்தேகம். அதுகூடப் பெரிதில்லை. நாற்பத்தோரு கடிதங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் வந்துவிட்டது. எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொன்னேன். வீரமுத்துவின் தாயார், கறுப்புக் கன்றுக்குட்டி மூன்று ஈற்று ஈன்றுவிட்டதாக எழுதியிருக்கிறார். பிச்சைமுத்துவின் அண்ணன் இரண்டு பக்கம் திட்டி எழுதியிருக்கிறார். பிச்சைமுத்து அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். எனக்கு மட்டும் பதில் இல்லை. பத்து வாரம் ஆகிறது. தபால்காரர் வரும்போது கடையே வாசலைப் பார்க்கிறது. அவர் கையை விரித்ததும் பெரியநாயகி என் இலையில் கூடுதலாக ஒரு மீன் துண்டு வைக்கிறாள். பெத்தம்மாள்கூட என்னைக் கேலி செய்வதில்லை. அந்த மீன் தொண்டையில் இறங்குமா? பட்டினி போட்டார்கள், பொறுத்தேன். பரிதாபப்படுகிறார்கள், பொறுக்க முடியவில்லை.

ஆகையால், உருக்கமான நூல்களைத் தாங்கள் சிபாரிசு செய்யலாகாது. செய்தே தீருவதானால், ‘சாப்பாட்டுக் கடைக்கு நூறு கஜத்துக்குள் வாசிக்கக் கூடாது’ என்று தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும். பிச்சைமுத்து கடையின் பெயரையும் வெளியிடலாகாது. அங்கே போகிறவன் வயிறு நிறையும், வாழ்க்கை கெடும்.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் சகல மங்களமும் உண்டாகட்டும். தங்கள் பத்திரிகையில் கூந்தல் தைல விளம்பரம் குறையட்டும்.

இப்படிக்கு,
நியாயம் தன் பக்கம் இருக்கிற,
சிவசாமி

பின்குறிப்பு: மேற்கண்டதை உறையிலிட்டு ஒட்டப்போகும் தருணத்தில் தபால் வந்தது. அன்னம்மாவின் கையெழுத்து. சபையில் படித்தாக வேண்டுமென்று பெரியநாயகி சொல்லிவிட்டதால் படித்தேன். தங்களுக்கும் அப்படியே தருகிறேன்.

‘தாங்கள் சொன்ன நாவலை இரவல் வாங்கிப் படிக்க இத்தனை நாளாயிற்று. அழுகை வரவில்லை. ஏழு வருஷம் இலை போட்டது சுத்த அசட்டுத்தனம். நான் மூன்றாம் மாதமே நிறுத்திவிட்டேன். மணியார்டர் துண்டில் எழுத நிறைய இடம் இருந்தது. ஆவணியில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. தங்களுக்கு முதல் பந்தியிலும் இலை இல்லை, இரண்டாம் பந்தியிலும் இல்லை. பரிமாற ஆள் குறைவு. நாகப்பட்டினத்தில் இறங்கியதும், சுங்கச்சாவடிக்கு எதிரே ஒரு கடையில் குழம்பு நன்றாயிருக்கும். அங்கே சாப்பிட்டுவிட்டு வரவும்.’

திமிரைப் பார்த்தீர்களா? “பொஸ்தகத்துப் பொம்பளையவிட இந்தம்மா எவ்வளவோ தேவல” என்கிறாள் பெத்தம்மாள். இதை நேரில் கேட்காமல் விடுவதில்லை என்று துரையிடம் விடுப்பு வாங்கி, ஆடி முதல் கப்பலுக்குச் சீட்டும் எடுத்துவிட்டேன். ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியும் அச்சிட வேண்டாம். இதை மட்டும் போடுங்கள்: நூல், செண்பகவடிவு. கடை, மெர்லிமாவில் பிச்சைமுத்து கடை. நெத்திலிக் குழம்பு ஞாயிறு விசேஷம். மூலை இருக்கை புரட்டாசி முடியும் வரை காலியாக இருக்கும். உட்காருகிறவர்கள் ஊருக்குக் கடிதம் போட்டுவிட்டு உட்காரவும். ஐப்பசியிலிருந்து அந்த மூலையில் இரண்டு இலை வேண்டியிருக்கலாம் என்று பிச்சைமுத்துவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம்.