கரடி வாங்கி வந்த கரடி

ஒரு காட்டில் ஒரு கரடி இல்லாமல் இருந்தது. நாலு வருஷமாகவே இல்லை. அது வெளிநாட்டில் இருந்தது.

அந்தக் கரடியின் பெயர் பரஞ்சோதி. கடல் தாண்டி, மணல் தாண்டி, ஓர் ஒட்டக முதலாளியின் தேன் கிடங்கில் அதற்குக் காவல் வேலை. தேனைத் தொடக்கூடாது, முகரக்கூடாது, தேனைப் பார்த்துப் பெருமூச்சு விடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. படித்துப் பார்க்காமல் கால்ரேகை வைத்துவிட்டு வந்த கரடி வேறு என்ன செய்யும்? நாலு வருஷமும் வாயைக் கட்டிக்கொண்டு நின்றது.

அது விமானம் ஏறியபோது மனைவி அம்சவேணி முழுகாமல் இருந்தது. மகள் அல்லி பிறந்தது, நடந்தது, முதல்முறையாகத் தேன்கூட்டில் கைவிட்டுக் கொட்டு வாங்கியது எல்லாமே பரஞ்சோதிக்குச் செல்போனில்தான் தெரியும். காட்டில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஒரு பாறை உச்சி. அங்கேயும் குரல் கரகரக்கும், படத்தில் பாதி முகம்தான் வரும். இந்தப் பக்கம் அப்பாவுக்கு மகளின் ஒரு கண்ணும் அரை மூக்கும், அந்தப் பக்கம் மகளுக்கு அப்பாவின் ஒரு கண்ணும் அரை மூக்கும். ஒரு நாளாவது அந்தக் குட்டியை முழுசாகப் பார்க்க வேண்டும், அது 'அப்பா' என்று ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். பரஞ்சோதியின் ஆசை அவ்வளவுதான்.

இரண்டு மாத லீவு கிடைத்தது. செய்தி காட்டை எட்டிய அன்றே பாறை உச்சியில் வரிசை நின்றது.

"மாப்ளே, எனக்கு ஒண்ணும் வேணாம்," என்று ஆரம்பித்தது காட்டுப்பன்றி கோமதிநாயகம். அம்சவேணிக்கு அது மாமா முறை. பன்றி எப்படிக் கரடிக்கு மாமா ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் இன்னும் நெருங்கிய உறவாகிவிடுமோ என்று பயம். "ஒண்ணுமே வேணாம். செண்டு மட்டும் ஒரு நாலு பாட்டில். சேத்துல புரண்டு எழுந்ததும் அடிச்சுக்கிற மாதிரி."

முள்ளம்பன்றி மெத்தென்று ஒரு கம்பளி கேட்டது. ஆந்தை கூலிங்கிளாஸ் கேட்டது. சாரைப்பாம்பு சரோஜினி ஒரு ஜோடி செருப்பு கேட்டது.

"கால் இல்லையேக்கா," என்றது பரஞ்சோதி.

"இதையே அந்த மயில் கேட்டிருந்தா இப்படிப் பேசுவியா?" என்று சரோஜினி போனை வைத்துவிட்டது.

கடைசியாக அல்லி வந்தது. ஒரு கண், அரை மூக்கு.

"உனக்கு என்னம்மா வேணும்?"

"கரடி பொம்மை."

"எவ்வளவு பெரிசு?"

"அப்பா அளவுக்கு."

பரஞ்சோதி போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டது. சிக்னல் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தது.

மறுநாள் முதல் கடைத்தெருவில் அலைச்சல். செண்டு கடையில் பதினெட்டு பாட்டிலை முகர்ந்து பார்த்து, சேற்றை ஜெயிக்கக் கூடியது எது என்று தெரியாமல் தும்மியது. செருப்புக் கடைக்காரர் சைஸ் கேட்டபோது "ஒம்பது அடி நீளம், அகலம் கிடையாது" என்றது. அவர் எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை. பிறகு தைலம். கேட்டவர்களுக்கு வாங்காவிட்டாலும் சமாதானம் சொல்லிவிடலாம், கேட்காதவர்களுக்கு வாங்காவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். ஆகவே கேட்காத அத்தனை பேருக்கும் சேர்த்து ஐந்து டஜன் தைலம் வாங்கியது. தலை இருக்கிற யாருக்கும் கொடுக்கலாம் என்பது தைலத்தின் பெருமை.

பொம்மைக்குத்தான் ஆறு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. ஒன்று வெள்ளையாக இருந்தது, ஒன்று அசட்டுச் சிரிப்பு சிரித்தது, ஒன்று பாவாடை கட்டியிருந்தது. ஏழாவது கடையில் கிடைத்தது. கன்னங்கரேல் என்று முடி, நெஞ்சில் வெள்ளை வளைவு, அதே உயரம், அதே தொந்தி. பரஞ்சோதி அதன் பக்கத்தில் போய் நின்று கண்ணாடியில் பார்த்தது. கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எதைக் கட்டித் தரட்டும்?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் ஆளுயரப் பெட்டி ஒன்றில் திணித்து, நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, நாலு பக்கமும் கொட்டை எழுத்தில் 'பரஞ்சோதி, நாவல்காடு' என்று எழுதிக்கொண்டு விமான நிலையம் போனது.

அந்த ஊரிலிருந்து நாவல்காட்டுக்குக் கூழைக்கடாதான் விமானம். பயணிகள் அலகுப் பையில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கவுண்ட்டரில் ஒற்றைக்காலில் நின்ற பூநாரை, பரஞ்சோதியையும் பெட்டியையும் சேர்த்துத் தராசில் ஏறச் சொன்னது.

"ஆளும் பெட்டியும் சேர்ந்து நூற்றைம்பது கிலோதான் சார். நாலு கிலோ அதிகம். ஏதாவது எடுங்க."

பரஞ்சோதி பெட்டியைப் பிரித்தது. செண்டை எடுத்தால் மாமா முகம் தெரிந்தது. கம்பளியை எடுத்தால் முள் தெரிந்தது. தைலத்தில் கை வைத்தால் காடே திரண்டு வந்து முறைத்தது.

"அந்தப் பொம்மையை எடுத்தாலே போதும் சார்."

"அது என் பொண்ணுக்கு."

"அப்ப நீங்க இறங்கிக்குங்க. பெட்டி மட்டும் போகட்டும். நிறைய பேர் அப்படித்தான் செய்றாங்க."

பரஞ்சோதி சுற்றுமுற்றும் பார்த்தது. மூலையில் ஒரு செம்மறியாடு சலூன் வைத்திருந்தது. "எடை குறைக்கப்படும்" என்று பலகை தொங்கியது.

"எவ்வளவு எடுக்கணும்?" என்றது ஆடு.

"நாலு கிலோ."

ஆடு அனுபவசாலி. பத்து நிமிஷத்தில் மூன்றே முக்கால் கிலோ முடி தரையில் கிடந்தது. மீதிக் கால் கிலோவுக்காகப் புருவத்தையும் நெஞ்சில் இருந்த வெள்ளை வளைவையும் வழித்தது. "மொதல்ல கூச்சமா இருக்கும் தம்பி. அப்புறம் பழகிடும்," என்று ஆறுதல் சொல்லி அனுப்பியது.

நாவல்காட்டுக் குளத்தில் கூழைக்கடா இறங்கியபோது கரையில் கால் வைக்க இடமில்லை. பரஞ்சோதி அலகிலிருந்து குதித்து இரண்டு கையையும் விரித்தது. கூட்டம் ஓடிவந்து, அதைத் தாண்டி, பெட்டியைக் கட்டிப் பிடித்தது.

"மாப்ளே வந்துட்டார்!" என்று கோமதிநாயகம் பெட்டிக்கு மாலை போட்டது.

"நான் இங்க இருக்கேன் மாமா!"

"இருப்பா, இரு. கூலியெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்."

அம்சவேணி மட்டும் பக்கத்தில் வந்து, அந்த வழவழப்பான உருவத்தை மேலும் கீழும் பார்த்தது. பார்த்ததுமே அதற்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னங்க இது கோலம்?" என்று கிசுகிசுத்தது. "சரி, ஒரு சாயங்காலம் பேசாம கூலிக்காரனாவே இருங்க. சரோஜினிக்குச் செருப்பு வாங்கினீங்களா?"

"வாங்கலை. கடைக்காரர் ஓடிட்டார்."

"அப்ப வாயைத் திறக்காதீங்க. வெளிநாட்டிலேருந்து வந்தவன்னா சட்டையைப் பிடிப்பாங்க. கூலிக்காரன்கிட்ட எவளும் செருப்பு கேட்டுச் சண்டைக்கு வரமாட்டா."

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பரஞ்சோதி தானே தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குக் கூலிக்காரனாகப் போனது. அங்கேதான் வினை.

கயிற்றை அறுத்து மூடியைத் திறந்ததும் மேலாக இருந்தது பொம்மை. கன்னங்கரேல் என்று, வெள்ளை வளைவோடு, சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"அப்பா!" என்று கத்திக்கொண்டு அல்லி பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

நாலு வருஷம் காத்திருந்த அந்தச் சொல்லைப் பரஞ்சோதி ஓரமாக நின்று கேட்டது. அம்சவேணியின் யோசனையெல்லாம் அந்த நொடியே பறந்துவிட்டது. "அது பொம்மைம்மா! நான்தான் பரஞ்சோதி!" என்று அலறியது. அம்சவேணியும், "ஆமா, இவர்தான், இவர்தான்," என்றது. "நாலு வருஷப் பிரிவு, பாவம், புத்தி கலங்கிடுச்சு," என்று எல்லோரும் அம்சவேணிக்குத் தைலம் தேய்த்துவிட்டார்கள்.

விவகாரம் கிராம அதிகாரி யானையிடம் போனது. யானை வருகைப் பதிவேட்டைப் பிரித்தது.

"பெயர் எழுதியிருப்பது எதன் மேல்?"

"பெட்டி மேல."

"பெட்டிக்குள் இருந்தது யார்?"

எல்லோரும் பொம்மையைக் காட்டினார்கள்.

"உரோமம் கறுப்பு என்று போட்டிருக்கு. உமக்கு உரோமம் எங்கே?"

"விமான நிலையத்துல விட்டுட்டு வந்தேன் ஐயா."

"அதைப் போய் எடுத்துட்டு வாரும்." யானை பொம்மையிடம் மூன்று கேள்வி கேட்டது. பொம்மை ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. "இத்தனை வருஷ சர்வீஸில் என்னிடம் பொய் சொல்லாத முதல் ஆசாமி," என்று மனம் நெகிழ்ந்து அதன் பெயரில் முத்திரை குத்தியது.

அதன்பின் பரஞ்சோதி தன் வீட்டு வாசலிலேயே கூலிக்காரனாகக் காலம் தள்ளியது. உள்ளே பொம்மைக்கு ராஜ உபசாரம். முதல் தேனடையை அதன் முன்னால் வைத்தார்கள். அது தொடவில்லை. "நாலு வருஷம் தொடாமலே பழகிடுச்சு," என்று காடே உருகியது. வாசலில் இருந்தவனுக்கு எச்சில் ஊறியதை யாரும் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் அல்லி தனியாக விளையாடிக்கொண்டிருந்தபோது பரஞ்சோதி மெதுவாகப் பக்கத்தில் போனது.

"அல்லி, நான்தாம்மா உன் அப்பா."

அல்லி அதை ஏற இறங்கப் பார்த்தது. "இல்ல மாமா. வெளிநாட்டு அப்பான்னா பெட்டிக்குள்ளேருந்துதான் வருவாங்க," என்றது.

குழந்தை சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. பரஞ்சோதி காலிப் பெட்டிக்குள் ஏறி முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. "கட்டு," என்றது. அம்சவேணி அழுதுகொண்டே கயிறு கட்டி, பெட்டியை வாசலில் இழுத்துவைத்துக் குரல் கொடுத்தது. "அல்லி! அப்பாகிட்டேருந்து இன்னொரு பெட்டி வந்திருக்கு!"

கூப்பிட்டது அல்லியை. வந்தது காடு முழுக்க. கோமதிநாயகம் சேற்றோடு ஓடிவந்தது. சரோஜினி எல்லோருக்கும் முந்தி முதல் வரிசையில் படமெடுக்காத குறையாக நின்றது.

அல்லி கயிற்றைக் கடித்து அறுத்து மூடியைத் தூக்கியது. மூடி கனம். பாதிதான் திறந்தது. அந்த இடுக்கில் ஒரு கண்ணும் அரை மூக்கும் தெரிந்தன.

அல்லி அப்படியே நின்றது. பாறை உச்சியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்த அதே கண், அதே அரை மூக்கு.

"அப்பா," என்றது. இந்தத் தடவை கத்தவில்லை. இடுக்கு வழியாக உள்ளே இறங்கி வழவழவென்ற கழுத்தைக் கட்டிக்கொண்டது. பரஞ்சோதியும் கட்டிக்கொண்டது. பிறகு தலையைப் பின்னால் இழுத்து மகளின் மறுபாதி முகத்தைப் பார்த்தது. அதில் ஒரு சின்ன மச்சம் இருந்தது. அது இதுவரை தெரியாமலே போய்விட்டதே என்று பரஞ்சோதி தேம்பித் தேம்பி அழுதது.

கோமதிநாயகம் மூடியை முழுதாகத் தூக்கி, அப்பாவையும் மகளையும் சற்றே நகர்த்தி, பெட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தது. "வேற ஒண்ணும் இல்லையா?" என்றது. இல்லை என்று தெரிந்ததும் முகம் விழுந்தது. "அட, மாப்ளேதானா! சரி, எப்போ திரும்பிப் போறே?"

பெட்டிக்குள் அல்லியின் பிடி இறுகியது.

யானை பதிவேட்டைப் புரட்டியது. "பரஞ்சோதி, கறுப்பு உரோமம், வெள்ளை வளைவு. அடுத்த மாசம் பதினேழாம் தேதி கட்டாயம் திரும்பணும். ஆனா அது வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருக்கு. முத்திரை குத்தியாச்சு. அழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. இந்த மொட்டை ஆசாமி உள்ளூர்."

பொம்மையைத் தர அல்லி சம்மதிக்குமா என்று எல்லோரும் பயந்தார்கள். அல்லி ஒரு நிமிஷம் யோசித்தது. "அது மெத்துனுதான் இருக்கு. ஆனா நாம கட்டிக்கிட்டா திருப்பிக் கட்டிக்க மாட்டேங்குது," என்றது.

பதினேழாம் தேதி நாவல்காடே குளக்கரைக்கு வந்து பொம்மையைக் கூழைக்கடாவில் ஏற்றியது. கோமதிநாயகம் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் வேணாம் மாப்ளே," என்று ஆரம்பித்தது. சரோஜினி, "இந்தத் தடவையாவது செருப்பை மறந்துடாதே," என்று அழுதது. பொம்மை யாருக்கும் முடியாது என்று சொல்லவில்லை. வெளிநாட்டில் இருந்து வந்தாலும் எவ்வளவு அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

மொட்டைக் கரடி கரையில் நின்று கையாட்டியது. அதனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளூர்க்காரனிடம் கேட்க என்ன இருக்கிறது? தோளில் மகளை ஏற்றிக்கொண்டு தேன்கூடு தேடிப் போனது.

மூன்று மாதம் கழித்து ஒட்டக முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. பரஞ்சோதி இப்போது பெருமூச்சே விடுவதில்லையாம். மேலும் நாலு வருஷம் வைத்துக்கொள்கிறாராம்.

நீதி: வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வாங்கி வரும் பரிசு, நமக்குப் பதிலாக வேலைக்குத் திரும்பிப் போகும் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும்.