பீர்க்கன்கரணையின் கவுன்ட்டி சார்

அமெரிக்காவை இவரளவுக்குத் தெரிந்தவர் அமெரிக்காவிலேயே கிடையாது. இத்தனைக்கும் தெற்கே செங்கல்பட்டையும் வடக்கே பாரிமுனையையும் இவர் தாண்டியதில்லை.

பெற்றோர் வைத்த பெயர் எதுவோ, பீர்க்கன்கரணையில் எங்கள் தெருவுக்கு இவர் ‘கவுன்ட்டி சார்’. ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் கல்யாணமாகி அமெரிக்காவில் ஏதோ ஒரு மலைப்பக்கத்துக் கவுன்ட்டிக்குக் குடிபோனாள். கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. அவள் விமானம் ஏறிய மறுநாளே சார் செல்போனில் அந்த மாவட்டத்தைப் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

நான் அவர் வீட்டு வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவன். ஐந்தாவதோடு நின்ற எனக்குப் பூகோளம், வரலாறு, பொருளாதாரம் மூன்றையும் நடத்தியவர் அவர்தான். சூடான பெட்டியைக் கையில் பிடித்தவன் ஓட முடியாது. நான் எதிர்த்துப் பேசுகிற ஆளும் இல்லை. இப்படி ஒரு மாணவன் எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைப்பான்?

"ஆதியில பழங்குடிங்க இருந்தாங்கப்பா. அப்புறம் தங்கம் இருக்குன்னு ஒரு கூட்டம் வந்துச்சு. தங்கம் தீர்ந்ததும் மரத்தை வெட்டினாங்க. அறுவை மில்லையும் மூடிட்டாங்க. இப்ப என்ன வருமானம் தெரியுமா? இலை. சீசன்ல இலையெல்லாம் செவப்பாகும். அதைப் பார்க்க ஜனங்க கார் போட்டுக்கிட்டு வராங்க."

இலை பார்க்க வருகிறவர்களை நம்பி ஒரு மாவட்டமே பிழைக்கிறது என்பதை நான் நம்பினேன். கோவளத்திலிருந்து கூடையோடு வருகிற மீன்கார அக்கா நம்பவில்லை.

"சார், உங்கூர் ஏரில மீனு கீதா?"

"ட்ரவுட்னு ஒரு மீன் இருக்கும்மா. தூண்டில் போட்டுப் பிடிப்பாங்க. பிடிச்சுட்டு மறுபடியும் தண்ணியிலயே விட்டுடுவாங்க."

அக்கா கூடையை இறக்கி வைத்தாள். "புட்ச்ச மீன வுட்டுட்டு, வூட்டுக்குப் போயி இன்னாத்த துன்றானுங்கோ?"

சார் அதையும் செல்போனில் தேட ஆரம்பித்தார்.

ஒரு மழைக்கு எங்கள் ஏரி நிரம்பித் தெருவுக்குள் வந்தது. ஆளாளுக்கு ஃபிரிட்ஜைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டிருந்தபோது, சார் முழங்கால் தண்ணீரில் நின்று, பனிப்பாறை உருகி உண்டான ஏரிக்கும் மற்ற ஏரிக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார். எங்கள் கால்களுக்கு அந்த வித்தியாசம் விளங்கவில்லை.

பிறகு மகள் உண்டானாள். பேரப்பிள்ளையை அந்தக் கவுன்ட்டியிலேயே கையில் ஏந்த வேண்டும் என்பது சாரின் ஆசை. அவரும் மனைவி எஸ்தர் டீச்சரும் விசாவுக்குப் போனார்கள். அன்றைக்கு அவர் சட்டையை நான் காகிதம் போல மடிப்புக் கலையாமல் தேய்த்துக் கொடுத்தேன். சட்டை அதன் வேலையை ஒழுங்காகச் செய்தது. வாய்தான் கெடுத்தது.

நடந்ததை டீச்சர் சொன்னார். "என்னை எதுக்குப் போறீங்கன்னு கேட்டாங்க. பொண்ணுக்குப் பிரசவம்னேன். அவ்வளவுதான் தம்பி. இவர்கிட்ட, பொண்ணு எங்க இருக்கான்னு கேட்டுட்டாங்க."

கேட்கலாமா? வடக்கே மலை, தெற்கே ஆறு என்று ஆரம்பித்தவர் தங்கம், மரம், இலை எல்லாவற்றையும் முடித்து, அங்கே வீட்டு வாடகை ஏன் ஏறியது என்பதையும் அலசியிருக்கிறார். அந்த அதிகாரி முழுவதையும் கேட்டுவிட்டு, நீங்கள் திரும்பி வருவதற்கு உங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்றாராம்.

"ஒரு ஏரி இருக்குன்னார். அப்புறம் யோசிச்சார். யோசிச்சுக்கிட்டே நின்னார்" என்றார் டீச்சர்.

டீச்சருக்கு விசா கிடைத்தது. சாருக்குக் கிடைக்கவில்லை.

டீச்சர் போனார். பேத்தி பிறந்தாள்.

"எஸ்தர், ஜன்னல்ல மலை தெரியுதா?" என்று சார் போனில் கேட்பது என் வண்டி வரை கேட்கும்.

"ஜன்னலைத் திறந்தா பிள்ளைக்குக் குளிரும். டயப்பர் மாத்தணும், வைங்க."

கவுன்ட்டிக்குள் இருந்தவருக்கு அதைப் பார்க்க நேரமில்லை. பார்க்கத் துடித்தவர் இங்கே தனியாக ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு நின்றுபோனது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. மீன்கார அக்காவே வலிய வம்புக்கு இழுத்தாள். "இன்னா சார், உங்கூர்ல எல கொட்டிச்சா?"

அவர் லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

"பேஜாரா கீதுப்பா. அவர எதுனா பேசச் சொல்லு" என்றாள் அக்கா என்னிடம்.

போன வாரம் ஒரு காலையில், போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு சார் வெளியே வந்தார். திரையில் பேத்தி, வாயில் விரலோடு.

"கண்ணு, தாத்தா ஊரைப் பாரு. இது ஏரி. அந்தப் பக்கம் ஜிஎஸ்டி ரோடு, அதைத் தாண்டினா ரயிலு. ஆதியில இங்க வயல் இருந்துச்சு. அப்புறம் பிளாட் போட்டாங்கன்னு ஒரு கூட்டம் வந்துச்சு, அதுல தாத்தாவும் ஒருத்தன். இப்ப முக்கியமான வருமானம், மாடியில ரூம் கட்டி வாடகைக்கு விடறது."

போன் மெதுவாக என் வண்டிப் பக்கம் திரும்பியது.

"இது தொழில்துறை. இந்த அங்கிள் இல்லன்னா இந்தத் தெருவே கசங்கிப் போயிடும்."

யார் போட்டோ எடுத்தாலும் முதுகைக் காட்டி நிற்பவன் நான். அன்று பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அந்தக் குழந்தைக்கு முகம் நன்றாகத் தெரியும்படி திரும்பி நின்றேன்.