வேலை போனவனுக்கு வந்த ஹாட்டிஷ்

அன்பும் மரியாதையும் நிறைந்த ஆர்லீன் அக்காவுக்கு,

மினசோட்டாவிலிருந்து தம்பி டெல்பர்ட் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், வலது தோள் நீங்கலாக. அங்கே அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் வாசலில் வளர்க்கும் கள்ளிச்செடிகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே, இது இடது கை.

தபால் பெட்டியைத் திறக்கப் போய்ப் பனியில் சறுக்கி விழுந்தேன் அல்லவா, தோளில் அறுவை செய்து, குணமாகும்வரை விடுப்பு எடுத்துக்கொள் என்றார்கள். சம்பளத்தில் ஒரு பங்கைக் காப்பீட்டுக்காரர்கள் தருகிறார்கள். வலி மாத்திரை போட்டதும் சாய்வு நாற்காலி மெல்ல மிதக்க ஆரம்பிக்கிறது அக்கா. ஜன்னலுக்கு வெளியே பனி விழுகிறதா, மேலே போகிறதா என்றுகூடச் சொல்ல முடிவதில்லை. கண்ணை மூடினால் எங்கள் தொழிற்சாலையில் செய்யும் ஜன்னல்கள் வரிசையாக மிதந்து வருகின்றன. வேலையில் செய்வது போலவே நான் ஒவ்வொரு கண்ணாடியிலும் குமிழ் விழுந்திருக்கிறதா என்று தேடுகிறேன், ஒவ்வொன்றுக்குள்ளும் வேறு வேறு பனி. இத்தனை வருஷம் அந்த வேலையை நான் இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

இதற்கிடையில் ஹாட்டிஷ் வர ஆரம்பித்தது. கொத்துக்கறி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டை, எல்லாம் ஒரே பாத்திரத்தில் சுட்டது, நீ விட்டு ஓடிய அதே ஹாட்டிஷ்தான். தோள் அறுவைக்கு ஒன்று வருவது நம் ஊர் முறை. ஆனால் வந்துகொண்டே இருந்தது. தொழிற்சாலை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, பாத்திரத்தை வைத்து, ஷூவைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் போனார்கள். அட, நம் மேல் இத்தனை பிரியமா என்று மிதந்தபடியே கண் கலங்கினேன். இவ்வளவு ஹாட்டிஷ் சாவு வீட்டுக்குத்தான் போகும் என்பது மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

கடைசியில் மேலாளர் கோர்டனே வந்தான். கையில் மனைவி வெர்னா சுட்ட ஹாட்டிஷ், பாத்திரத்தின் அடியில் ஒட்டுநாடாவில் அவள் பெயர்.

"ஏரி நல்லா உறைஞ்சு கெடக்கு டெல்."

"அப்படியா."

"லாரியே ஓட்டலாம்."

"ஓட்டலாம் ஓட்டலாம்."

பிறகு கதவுப்பிடியில் கை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றான். "அப்போ... சரி" என்றான். நானும் "சரி" என்றேன். அவன் கண்ணில் தண்ணீர். குளிர்தான் என்று நினைத்தேன்.

மறுநாள் காப்பீட்டிலிருந்து ஒரு டெக்சாஸ்காரி போன் பண்ணினாள். நம் ஊர்க்காரி இல்லை, அதனால் பட்டென்று சொல்லிவிட்டாள்.

"உன்னைப் போன மாசமே வேலையை விட்டு எடுத்துட்டாங்களே கண்ணு, லெட்டர் வரலியா?"

தபால் பெட்டி பனிக்குள் புதைந்து கிடக்கிறது, விழுந்த பிறகு நான் அந்தப் பக்கம் போவதில்லை என்றேன். "அப்ப என் லீவு?"

"அது நடக்கும். தோள் சரியாகுற வரைக்கும் பணம் வரும்."

"வேலையே இல்லியே, எதுலேருந்தும்மா லீவு?"

"நீ நல்லா ரெஸ்ட் எடு கண்ணு" என்றாள்.

ஆக, என்னிடம் வேலை இல்லை, விடுப்பு மட்டும் பத்திரமாக இருக்கிறது. தோள் குணமாகும் அன்றைக்கு அதுவும் போய்விடும். இந்த வயசில் குமிழ் பார்க்கத் தெரிந்தவனை வேறு யார் கூப்பிடப் போகிறார்கள்? பயமாக இருக்கிறது அக்கா. மாத்திரை போட்டால் பயமும் சேர்ந்து மிதக்கிறது, அவ்வளவுதான். ஆனா கோர்டன் மேல வந்த கோபம் மட்டும் மிதக்கவே மாட்டேங்குது. இத்தனை வருஷப் பழக்கம், வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஏரியாம், லாரியாம்! அதனால் முடிவு பண்ணிவிட்டேன். வெர்னாவின் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். ஒரு துண்டு கேக்கூட வைக்க மாட்டேன். கிளாரிஸ் சித்தி ஒரு தடவை அப்படிக் கொடுத்ததற்குச் சர்ச்சில் அவள் பெஞ்சில் யாருமே உட்காராமல் போனது உனக்கு ஞாபகம் இருக்கும். இருக்கட்டும். இனிமேல் அவன் முகத்தில் விழிப்பதில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். கடவுள் உங்களைச் சுகமாக வைக்கட்டும். தயவுசெய்து ஹாட்டிஷ் அனுப்பாதே.

இப்படிக்கு,
விடுப்பில் இருக்கும் தம்பி
டெல்பர்ட்

பின்குறிப்பு: காலிப் பாத்திரத்தோடு போனேன். வேலை நாள், பட்டப்பகல், கோர்டன் பைஜாமாவில் கதவைத் திறந்தான். அவனுக்குப் பின்னால் சமையல்மேடை முழுக்கப் பாத்திரம், எல்லாவற்றின் மேலும் உருளைக்கிழங்கு உருண்டை. அவனையும் எடுத்துவிட்டார்கள் அக்கா. என் கையில் இருந்த காலிப் பாத்திரத்தைப் பார்த்தான். "இருந்ததை எல்லாம் வழிச்சுத் தின்னுட்டேன்டா, வெர்னா கைக்கு அப்படி ஒரு ருசி" என்றேன். பாதியைக் காக்காய்க்குத்தான் போட்டிருந்தேன். "இன்னிக்குக் குளிர் பரவால்ல, இல்ல?" என்றான். "இதைவிட மோசமா இருந்திருக்கு" என்றேன். சாயங்காலம் மண்வெட்டியோடு வந்து என் தபால் பெட்டியைத் தோண்டி எடுத்தான், இந்தக் கடிதத்தைத் தபால்காரர் எடுத்துப் போக அதில்தான் வைக்கப் போகிறேன். உள்ளே கம்பெனிக் கடிதம் இருந்தது. இரண்டு பேரும் பிரிக்கவில்லை. நாளைக்கு ஏரிக்கு மீன் பிடிக்கப் போகிறோம். துளை போடுவது கோர்டன். பனிக்கட்டியில் குமிழ் இருக்கிறதா என்று பார்ப்பது நான்.