மாற்றுமுறை ஆவணச் சட்டம் - ராகமாலிகை - ஆதி தாளம்

பரீட்சையில் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பிட்டு வைத்திருந்து மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. பாட்டுப் பாடி மாட்டிக்கொண்டது, எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். இதை நான் பெருமையாகச் சொல்கிறேனா, வெட்கப்பட்டுச் சொல்கிறேனா என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டும்தான். அறுபதுகளின் நடுவில், இருபத்து மூன்று வயதில், பம்பாயில் வங்கிக்காரர்களுக்கான பரீட்சையின் முதல் பாகத்தை நான் எழுதிய லட்சணம் அப்படி.

அப்போது கோட்டைப் பகுதியில் ஒரு வங்கியில் எனக்கு வேலை. நாற்பது ஆண்களுக்கு நடுவில் இரண்டே பெண்கள். ஒருத்தி டெலிபோன் போர்டில், இன்னொருத்தி டெஸ்பாட்சில். டெஸ்பாட்ச் நான். வெளியே போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் ஸ்டாம்பு ஒட்டி, நோட்டில் பதிந்து, சாக்கில் போட வேண்டும். பி.காம். பட்டம் வாங்கியவள் மூன்று வருஷமாக ஸ்பாஞ்சில் ஸ்டாம்பை நனைத்துக்கொண்டிருந்தேன். (ஸ்பாஞ்சு காய்ந்த நாட்களில் நாக்குதான். தீபாவளி அல்வாவிலேயே எனக்குப் பசை வாசனை அடித்தது.)

பில்ஸ் டிபார்ட்மெண்டில் ஒருவர் ஓய்வு பெறப்போவதாகச் செய்தி வந்ததும் நான் மானேஜர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முதல் பாகம் முடித்தவர்களுக்குத்தான் அந்த நாற்காலி, இந்தத் தடவை ரிசல்ட் வரும்வரை காலியாக வைத்திருப்பேன், அதற்கு மேல் ஒரு நாள்கூட முடியாது என்றார். எனக்கு மற்ற தாள்களெல்லாம் தேறியாயிற்று. சட்டத்தாள் ஒன்றுதான் பாக்கி, செக், கடன் பத்திரம் மாதிரியான ஆவணங்களைப் பற்றிய மாற்றுமுறை ஆவணச் சட்டம். அதில்தான் இரண்டு தடவை குப்புற விழுந்திருந்தேன்.

விழுந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை. என்னிடம் எப்போதும் ஒரு திட்டம் இருக்கும், அதுதான் காரணம். முதல் தடவை, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எல்லாவற்றையும் படிப்பது என்ற திட்டம். கடைசிப் பக்கம் வந்தபோது முதல் பக்கம் மறந்துவிட்டது. இரண்டாம் தடவை, 'நிச்சயம் வரும்' என்று கேஷ் கவுண்டர்காரர் ஒருவர் பத்துக் கேள்விகள் குறித்துக் கொடுத்தார். ஆருடத்தில் அவர் புலி என்று ஆபீஸ் முழுவதும் பேச்சு. அந்தப் பத்தையும் கரைத்துக் குடித்துவிட்டுப் போனேன், பத்தில் ஒன்றுகூட வரவில்லை. (அவர் அந்தப் பரீட்சையை எழுதியதே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

மூன்றாவது திட்டம், தமிழர்கள் நிறைந்த எங்கள் பேட்டையான மாடுங்காவில், ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது உதித்தது. என் மண்டையில் எதுவும் தங்குவதில்லை என்று யார் சொன்னது? ஒன்பது வயதில் கற்றுக்கொண்ட வர்ணம் இன்றைக்கும் ஒரு ஸ்வரம் பிசகாமல் வருகிறதே. பெண் பார்க்க வருகிறவர்களுக்காக அம்மா பத்து வருஷம் பாட்டு வகுப்புக்கு அனுப்பி வைத்திருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் பாட்டைக் கேட்டு, கேசரியைச் சாப்பிட்டு, கடிதம் போடுகிறோம் என்று போய்விட்டார்கள். சும்மா கிடந்த அந்தச் சங்கீதத்தில் சட்டத்தை ஏற்றினால் என்ன? பாலத்தின் மேலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் இந்தியிலும் மராத்தியிலும் என்னைத் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். எனக்கோ உடம்பெல்லாம் புல்லரித்தது.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். பிராமிசரி நோட்டுக்கு மோகனத்தில் பல்லவி. பில் ஆஃப் எக்ஸ்சேஞ்சுக்குக் காம்போதியில் அனுபல்லவி. பிறகு பின்பக்கம் கையெழுத்திட்டு மாற்றிக்கொடுக்கும் எண்டார்ஸ்மெண்ட், உரியபடி பெற்றுக்கொண்டவரின் உரிமை, செக்கில் கோடு போடுவது, செக் பணமில்லாமல் திரும்புவது என்று ஒவ்வொரு சரணமும் ஒரு ராகம். பிரிவு எண்களைச் சிட்டை ஸ்வரம் மாதிரி நடுநடுவே கோத்தேன். 'ஆன் இன்ஸ்ட்ருமெண்ட் இன் ரைட்டிங்' என்ற பிராமிசரி நோட்டின் இலக்கணம் ஆதி தாளத்தில் எவ்வளவு அம்சமாக உட்கார்ந்தது தெரியுமா! சட்டத்தை எழுதினவருக்கே தாள ஞானம் இருந்திருக்குமோ என்று நான் நினைத்தேன்.

முதலில் தலையில் அடித்துக்கொண்ட அம்மா, நாலே நாளில் கட்சி மாறிவிட்டாள். சமையலறையிலிருந்தே திருத்தம் வரும்.

"மோகனத்துல நிஷாதம் வரப்படாதுடி. நீ எங்கேர்ந்து கொண்டு வந்தே?"

செக் திரும்பி வருவதற்கு நான் பிலஹரி போட்டிருந்தேன். அதற்கு அவள் சம்மதிக்கவே இல்லை. ஒருத்தன் செக் திரும்பி வந்து மானம் போய் நிற்கிறான், அவனைப் போய்க் குஷியாகப் பாட வைக்கிறாயா, முகாரிதான் பொருத்தம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முகாரியே ஆயிற்று. பக்கத்து பிளாட் குஜராத்தி மாமி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகூப்பிக் கேட்டுவிட்டு, இது எந்த சுவாமி பேரில் பாட்டு என்று விசாரித்தாள். அம்மா தன்னுடைய பம்பாய் இந்தியில், இது பாங்க் பகவான் என்றாள்.

பரீட்சை வந்தபோது முழு ராகமாலிகையும் பன்னிரண்டு நிமிஷம் ஓடியது. தூக்கத்தில் எழுப்பினாலும் பாடுவேன். வி.டி. ஸ்டேஷனுக்குப் போகும் லோக்கல் ரயிலில் மற்றவர்கள் புத்தகத்தில் முகம் புதைத்திருந்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தேன். அவ்வளவு திமிர்.

கேள்வித்தாள் வந்தது. மொத்தம் ஆறு கேள்வி. முதல் கேள்வியைப் படித்ததும் துள்ளாத குறைதான், நாலாவது சரணம்! மனசுக்குள் பாடத் தொடங்கினேன். அப்போதுதான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. நாலாவது சரணம் நேராக வரவில்லை. வர்ணம் படித்த யாரையும் கேட்டுப் பாருங்கள், நடுவில் பிடித்துப் பாடச் சொன்னால் திருதிருவென்று முழிப்பார்கள். பல்லவியிலிருந்துதான் வர வேண்டும். அதோடு ஒவ்வொரு சரணமும் முடிந்தால் பல்லவிக்குத் திரும்ப வேண்டும், சம்பிரதாயம் அப்படி. ஒவ்வொரு கேள்விக்கும் பிராமிசரி நோட்டிலிருந்து புறப்பட்டு வந்தால் மூன்று மணி நேரம் எந்த மூலைக்கு?

வேகமாகப் பாட வேண்டியதாயிற்று. வேகம் கூடினால் தாளம் வேண்டும். இடது கை தானாகவே தொடையிலிருந்து மேஜைக்கு வந்தது. ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், பிறகு தட்டி ஒரு வீச்சு, தட்டி ஒரு வீச்சு. எந்த நிமிஷத்தில் முணுமுணுப்பு வாயை விட்டு வெளியே வந்தது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

பக்கத்து வரிசையில் ஒரு ஒல்லியான இளைஞன். நெற்றியில் விபூதி, பார்த்த மாத்திரத்தில் மாடுங்கா என்று சொல்லிவிடலாம். பெயர் ஹரிஹரன், வேறொரு வங்கியில் குமாஸ்தா. இதெல்லாம் பிறகு தெரிந்த விவரம். அன்று அவனை (அவரை என்று சொல்ல வேண்டும், காரணம் வருகிறது) எனக்கு யாரென்றே தெரியாது. என் முணுமுணுப்பு காதில் விழுந்ததும் அவர் விரல்களும் தாளம் போட ஆரம்பித்துவிட்டன. பழக்க தோஷம். ஓரிடத்தில் நான் எடுப்பைத் தவறவிட்டேன். அவர் 'உச்' கொட்டித் தலையை ஆட்டினார். நான் திருத்திப் பாடினேன். அவர் 'பலே' என்பதுபோல் தலையசைத்தார்.

இத்தனையையும் மேற்பார்வைக்கு வந்திருந்த ஒரு பருத்த பார்சிக்காரர் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். ஒரு பெண் விரலால் எண்களைக் காட்டுகிறாள், ஒருவன் தப்பு என்று தலையாட்டுகிறான், அவள் வேறு எண்களைக் காட்டுகிறாள், சரி என்று ஒப்புக்கொள்கிறான். அவர் என் மேஜைக்கு வந்து, "யே க்யா இஷாரா சல் ரஹா ஹை?" என்றார். என்ன சைகை நடக்கிறது இங்கே என்று அர்த்தம். இது சைகை இல்லை, ஆதி தாளம் என்றேன். அது அவருக்கு ஏதோ ரகசியக் கூட்டத்தின் பெயர்போலப் பட்டிருக்க வேண்டும். இரண்டு பேர் விடைத்தாளையும் பிடுங்கிக்கொண்டு, எங்களைத் தலைமைக் கண்காணிப்பாளர் அறைக்கு நடத்திப் போனார். முந்நூறு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். போச்சு, பில்ஸ் நாற்காலி போச்சு, இனி ஜன்மம் முழுவதும் ஸ்டாம்புதான் என்று எனக்கு அழுகை முட்டியது.

கண்காணிப்பாளர் மராத்திக்காரர், கண்டிப்பானவர். இரண்டு விடைத்தாளையும் பிரித்துப் பார்த்தார். என்னுடையதில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. ஹரிஹரனுடையது வெறும் தாள், மேலே ஒரு பிள்ளையார் சுழி. காப்பியடித்தவனாக இருந்தால் ஏதாவது எழுதியிருப்பானே என்று அவர் யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, நீ சொல்வது உண்மையானால் பாடிக் காட்டு என்றார்.

பாடினேன். வேறு என்ன செய்ய? தொண்டை முதலில் கரகரத்தது, மோகனம் வந்ததும் சரியாகிவிட்டது. அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்து வைத்து வரிவரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். டீ கொண்டுவந்த பியூன் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டான். பக்கத்தில் ஹரிஹரன், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் முகாரியில் செக் திரும்பி வந்தபோது எனக்கே கண்ணீர் வந்துவிட்டது. அதில் பாதி ராகத்துக்கு, பாதி பயத்துக்கு. பார்சிக்காரர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். கண்காணிப்பாளர் புத்தகத்தை மூடி, ஒரு பிரிவுகூட விட்டுப்போகவில்லை என்றார்.

எங்களை விட்டுவிட்டார்கள். ஆனால் நாற்பது நிமிஷம் போனது போனதுதான், கூடுதல் நேரம் கிடையாது என்றார். அதைவிடக் கொடுமை, இனி உதடு அசையக் கூடாது என்ற நிபந்தனை. உதடு அசையாமல் எனக்குச் சட்டம் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்று கேள்வியும் சொச்சமும் எழுதினேன். செக்கில் கோடு போடுவது பற்றிய கட்டாயக் கேள்வியைத் தொடும்போது மணி அடித்துவிட்டது.

ரிசல்ட் வந்தது. ஐந்து மார்க்கில் போயிற்று. மறு வாரம் பில்ஸ் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்தார், அவருடைய நியமனக் கடிதத்துக்கு ஸ்டாம்பு ஒட்டியது நான். அன்றைக்கு லோக்கலில் மாடுங்கா வரும்வரை அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன்.

ஹரிஹரன் தேறிவிட்டார். கால் கிலோ பேடாவோடு எங்கள் டெஸ்பாட்ச் கவுண்டருக்கு வந்து, "உங்க பாட்டு ரொம்ப நன்னா இருந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்காக ஒருவர் மாடுங்காவிலிருந்து பேடா வாங்கிக்கொண்டு வருவாரா என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அந்த வயதில் பாட்டைப் புகழ்ந்தால் யோசனை நின்றுவிடும். அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரம் அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாட்டைக் கேட்டுவிட்டுக் கடிதம் போடுகிறோம் என்று சொல்லாத முதல் வரன் அதுதான். வைகாசியில் கல்யாணம்.

கல்யாணமாகி நாலு மாதம் கழித்து, நாலாவது தடவையாகச் சட்டத்தாளுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். செக்கில் கோடு போடும் சரணத்தின் முதல் வரியைப் பாடினேன். ஷேவ் செய்துகொண்டிருந்த மனிதர், சோப்பு நுரையோடு, இரண்டாவது வரியைப் பாடினார். பிரிவு எண்ணோடு.

நான் பாட்டை நிறுத்தினேன்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு அந்த ரூம்ல பாடினியே விசாலம்."

"ஒரு தடவைதானே பாடினேன்?"

"ஒரு தடவை போறுமே. ராகத்தோட கேட்டா எனக்கு மறக்காது. போய் உக்காந்து அப்படியே எழுதிட்டேன்."

அவருடைய படிப்புத் திட்டம் அப்போதுதான் வெளியே வந்தது. பாதிப் புத்தகத்தைச் சாய்ஸில் விட்டுவிட்டுப் பரீட்சைக்கு வந்திருக்கிறார். கேள்வித்தாளைப் பார்த்ததும் கதி கலங்கி, பிள்ளையார் சுழியோடு உட்கார்ந்துவிட்டார். எங்களைப் பிடித்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் அந்தச் சுழியோடுதான் வீட்டுக்குப் போயிருப்பார். நாங்கள் காப்பியடிக்கவில்லை என்று நிரூபிக்க நான் பாடினேன். அதைக் கேட்டு அவர் காப்பியடித்தார். அந்தப் பார்சிக்காரர் தப்பான ஆட்களைப் பிடிக்கவில்லை, கொஞ்சம் முன்னதாகப் பிடித்துவிட்டார், அவ்வளவுதான்.

மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. உப்புமாவில் உப்புப் போடவில்லை. காப்பியடிக்கவில்லை, கச்சேரிதான் கேட்டேன் என்று அவர் வாதாடிப் பார்த்தார், எடுபடவில்லை. நாலாம் நாள் அவரே உட்கார்ந்து ஒவ்வொரு பிரிவையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, கலைத்துப் போட்டு, என்னைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். நடுவிலிருந்து கேட்பார். நான் ராகத்தில் இழுத்தால் சீட்டைப் பிடுங்கிவிடுவார். அந்த வறட்டு வழியில்தான் ஒருவழியாகத் தேறினேன். பில்ஸ் டிபார்ட்மெண்டும் கிடைத்தது.

அவர் படிப்படியாக உயர்ந்து, பெரிய அதிகாரியாக ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் மாலை போட்டு, இவ்வளவு தூரம் வந்ததன் ரகசியம் என்ன என்று கேட்டார்கள். மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார். "நான் பாஸ் பண்ணினதே என் மனைவியாலதான். அவ இல்லேன்னா நான் வெத்துத்தாள்" என்றார்.

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை என்று பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் மட்டும் நாற்காலியை விட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.